மோட்டார் பெட்டியிலிருந்து வார்டு படுக்கை வரை: மருத்துவக் கருவி செய்ய வருவோருக்கு

2020 ஏப்ரல், மே மாதங்களை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு நேரம். நாட்டில் வென்டிலேட்டர் போதாது என்று ஊரெல்லாம் பேச்சு. பொறியியல் கல்லூரிகளிலும் சிறு பட்டறைகளிலும் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை மோட்டார் வைத்து அமுக்கும் பெட்டிகளைச் செய்தார்கள். நாளிதழ்களில் படம் வந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. செய்தவர்களுக்குத் திறமை இல்லாமல் அல்ல. பையை அமுக்குவது எளிது. மூச்சு வெளியே போன பிறகும் நுரையீரலுக்குள் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும், உள்ளே போன காற்றை அளக்க வேண்டும், குழாய் கழன்றால் உடனே அலற வேண்டும், நாள்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டும். இதெல்லாம் கடினம். இத்தனையையும் செய்கிறது என்று காகிதத்தில் நிரூபிப்பது அதைவிடக் கடினம்.

நான் மருத்துவமனை ஒன்றில் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். புதுக் கருவியோடு வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, "லைசென்ஸ் வாங்க எத்தனை நாள் ஆகும் சார்?" நான் திருப்பிக் கேட்பது, "ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யார் மாட்டுவாங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வந்த கருவிகள் லைசென்ஸ் வாங்கிய பிறகும் எங்கள் ஸ்டோர் அறை அலமாரியில்தான் கிடந்தன. அதனால் இந்தக் கட்டுரையும் வார்டிலிருந்தே தொடங்குகிறது. விதிகள், படிவங்கள் எல்லாம் இந்தியாவுக்கானவை. இலங்கையில் இருப்பவர்கள் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையை அணுக வேண்டும். வார்டைப் பற்றிச் சொல்வது இரு இடத்துக்கும் பொருந்தும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கருவியை எடுத்துக்கொள்வோம்: டிரிப் பாட்டில் தீரப்போகிறது என்று முன்கூட்டியே சத்தமிடும் சின்னப் பெட்டி. பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் சிறு குழலான சொட்டறையில் மாட்டினால், அகச்சிவப்பு ஒளியால் சொட்டுகளை எண்ணும்.

முதலில் வார்டில் போய் உட்காருங்கள்

ஒரு வாரம். பகலில் இரண்டு நாள் போய்விட்டு வந்தால் போதாது. மூன்று ஷிஃப்டும் பார்க்க வேண்டும். மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, நோட்டும் பேனாவுமாகப் போங்கள். கருவியை எடுத்துப் போகாதீர்கள். எடுத்துப் போனால் உங்களையறியாமல் அதை விற்கத் தொடங்கிவிடுவீர்கள்.

நம் டிரிப் பெட்டிக்கு அங்கே என்ன தெரியவரும்? பாட்டிலைக் கவனிப்பது பெரும்பாலும் நர்ஸ் இல்லை, கூட இருக்கும் அம்மாவோ மாமாவோதான். "சிஸ்டர், பாட்டில் முடிஞ்சிடுச்சு, ரத்தம் மேலே ஏறுது" என்று ஓடுவது அவர்கள்தான். ஆக உங்கள் கருவியின் முதல் பயனர், எந்தப் பயிற்சியும் பெறாத ஓர் உறவினர். ஸ்டாண்டு கிடைக்காவிட்டால் பாட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கும், காலை வெயில் நேராகச் சென்சாரில் விழும், எண்ணிக்கை தப்பும். இரண்டு கட்டிலுக்கு ஒரு பிளக் இருந்தால் அதில் யாருடைய செல்போன் சார்ஜரோ இருக்கும். பெரிய சொட்டு விடும் மேக்ரோ குழாய் செட்டில் பொதுவாக ஒரு மில்லிக்கு 20 சொட்டு, சிறு சொட்டு விடும் மைக்ரோ செட்டில் 60. எந்த செட் தொங்குகிறது என்று பெட்டிக்கு யார் சொல்வது? நாற்பது கட்டில் வார்டில் பத்துப் பெட்டி ஒரே குரலில் கத்தினால் சிஸ்டர் எந்தக் கட்டிலுக்கு ஓடுவார்?

வார்டில் துடைப்பதையும் பாருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட், ஸ்பிரிட் இரண்டும் தினமும் படும். சில வகை பிளாஸ்டிக் உறைகளில் சில மாதத்தில் மயிரிழை விரிசல் விடும், உலோக முனைகள் அரிக்கும், பட்டனில் அச்சடித்த எழுத்து அழியும். இதெல்லாம் கணினியில் வரைந்து பார்க்கும்போது தெரியாது.

ஒரே ஒரு வாக்கியம்

வார்டிலிருந்து திரும்பியதும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தக் கருவி யாருக்கு, எதற்கு, எங்கே, யார் கையால். சட்ட மொழியில் இதை 'உத்தேசப் பயன்பாடு' என்பார்கள். பின்னால் வரும் எல்லாச் செலவும் இந்த வாக்கியத்திலிருந்துதான் பிறக்கும்.

"டிரிப் பாட்டில் தீரும் முன் எச்சரிக்கும்" என்று எழுதினால் ஒரு கதை. "சொட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்" என்று ஒரு சொல் சேர்த்தால் கருவி மருந்தின் அளவிலேயே கை வைக்கிறது. தவறினால் நேரும் ஆபத்து பல மடங்கு. அதற்கேற்பச் சட்டம் தரும் ஆபத்து வகுப்பு, சோதனை, ஆய்வு எல்லாம் ஏறும். விளம்பரத்துக்காக "செயற்கை நுண்ணறிவு மூலம் நீரிழப்பைக் கணிக்கும்" என்று ஒட்டினீர்களானால் அதையும் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். என்னுடைய ஆலோசனை கஞ்சத்தனமானது: முதல் பதிப்பில் எவ்வளவு குறைவாக உரிமை கொண்டாட முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொண்டாடுங்கள்.

வகுப்பு ஏ, பி, சி, டி

இந்தியாவில் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017இல் அறிவிக்கப்பட்டு 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்து ஏற ஏறக் கருவிகளை ஏ முதல் டி வரை நான்கு வகுப்பாக அவை பிரிக்கின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் பார்வையில் 'மருந்து' என்ற சொல்லுக்குள் வந்துவிட்டன. பி வகுப்புக்கும், கிருமிநீக்கம் செய்த அல்லது அளவிடும் ஏ வகுப்புக் கருவிகளுக்கும் 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகுப்புகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். "சின்னக் கருவிதானே, இதுக்கெல்லாம் எதுக்கு" என்று இன்னும் சொல்பவர்கள் பழைய காலத்தில் இருக்கிறார்கள்.

நாக்கை அமுக்கிப் பார்க்கும் குச்சி ஏ. ஊசி பி. வென்டிலேட்டரும் எலும்பைப் பொருத்தும் தகடும் சி. இதய வால்வு டி. ஏ, பி உற்பத்தி உரிமம் மாநில அரசின் கையில். தமிழ்நாட்டில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ் வளாகத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சி, டி இரண்டும் டெல்லியில் உள்ள மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதாவது சி.டி.எஸ்.சி.ஓ. எந்தக் கருவி எந்த வகுப்பு என்று அந்த அமைப்பே பட்டியல் வெளியிட்டிருக்கிறது. ஊகிக்காதீர்கள், பட்டியலில் தேடுங்கள்.

வகுப்பைவிட முக்கியமான இன்னொரு கேள்வி: உங்கள் கருவியை ஒத்த ஒன்று ஏற்கெனவே இந்தியாவில் அனுமதி பெற்றிருக்கிறதா? இருந்தால், அதற்குச் சமமானது என்று காட்டும் வழி உண்டு. பெரும்பாலும் நோயாளிகளிடம் ஆய்வு தேவைப்படாது. இல்லையென்றால் முழு ஆய்வுப் பாதை. எல்லோரும் முதல் வழியைத்தான் விரும்புவார்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டெப்பூய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர் எனும் உலோக இடுப்பு மூட்டின் ஒரு வடிவம் அமெரிக்காவில் பழைய கருவிகளுக்கு ஒப்பானது என்ற வழியில்தான் சந்தைக்கு வந்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டபோது ஏறத்தாழ 93,000 பேர் உடலில் அது இருந்தது. இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. அனுமதி வாங்க ஒப்புமை போதலாம். உங்கள் மனசாட்சிக்கு அது போதாத இடங்களும் வரும்.

காகிதத்தை முதல் நாளே தொடங்குங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கருவியை முடித்துவிட்டு ஆவணம் எழுதலாம் என்று நினைப்பார்கள். மருத்துவக் கருவி செய்வோருக்கான பன்னாட்டுத் தர விதியான ஐ.எஸ்.ஓ 13485இன்படி, ஏன் இந்த ரெசிஸ்டரை மாற்றினீர்கள், யார் ஒப்புக்கொண்டார், எந்த நாள் என்ற தடம் வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஆடிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் அது கதை. ஆடிட்டர்கள் கதை நிறையக் கேட்டவர்கள்.

கூடவே ஐ.எஸ்.ஓ 14971 ஆபத்து மதிப்பீடு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு பெரிய அட்டவணைதான்: என்ன தப்பு நடக்கலாம், எவ்வளவு மோசம், எவ்வளவு அடிக்கடி, நாம் என்ன செய்தோம். பேட்டரி தீர்ந்தால்? சத்தம் போடாமல் கருவி செத்துவிட்டால்? உறவினர் "பெட்டி இருக்கே" என்று நம்பித் தூங்கிவிட்டால்? கடைசிக் கேள்விதான் நம் டிரிப் பெட்டியின் உண்மையான ஆபத்து. கருவி இல்லாதபோது இருந்த கண்காணிப்பைக் கருவியே பறித்துக்கொள்கிறது. மென்பொருள் இருந்தால் ஐ.இ.சி 62304 என்ற பன்னாட்டுத் தரம், பயனர் செய்யும் பிழைகளுக்கு ஐ.இ.சி 62366.

சோதனைக்கென்று சில பெட்டிகள் செய்வதற்கும் தனி உரிமம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. மேலே சொன்ன விதிகளின் எம்.டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்.டி-13 வாங்க வேண்டும். தெரிந்த டாக்டர் வாய்மொழியாகச் சரி சொன்னார் என்று நோயாளியிடம் மாட்டிப் பார்த்துவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். அப்படி எடுத்த அளவீடுகளை நாளைக்கு எங்கேயும் காட்டவும் முடியாது.

மேசைமேல் உடைத்துப் பாருங்கள்

மின்சாரத்தில் ஓடும் கருவிக்கு ஐ.இ.சி 60601 என்ற பாதுகாப்புத் தரம். இதயத்தை நேரடியாகத் தொடும் பாகங்களில் சாதாரண நிலையில் நோயாளி வழியாகக் கசியும் மின்சாரம் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது. மற்ற பல பாகங்களுக்கு 100 வரை இடம் உண்டு. வீட்டு மிக்சியைத் தொட்டுச் சுருக்கென்றால் உதறிவிட்டுப் போவோம். மயக்கத்தில் இருப்பவரால் உதற முடியாது.

மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குச் சென்னை தரமணியில் சமீர் என்ற மத்திய அரசு ஆய்வு மையம் இருக்கிறது. விசாகப்பட்டினத்து ஆந்திர மெட்டெக் சோன் என்ற மருத்துவக் கருவித் தொழிற்பூங்காவில் ஒரே வளாகத்தில் பல சோதனைக் கூடங்கள் உண்டு. உடம்பில் படும் பொருள் எதுவானாலும் அது உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐ.எஸ்.ஓ 10993 உயிரிணக்கச் சோதனை வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனம் அதில் பழம் தின்று கொட்டை போட்ட இடம். புளூடூத் வைத்திருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு, எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று வாசல்கள் கூடும்.

ஸ்ரீசித்திரை பெயர் வந்ததால் அவர்களுடைய இதய வால்வைப் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. இதய அறுவை நிபுணர் டாக்டர் வலியத்தான் தலைமையில் செய்யப்பட்ட அந்த வால்வின் முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ஒன்றில் டைட்டானியம் தேய்ந்தது. அடுத்ததில் நீலக்கல் தட்டு உடைந்தது. கோபால்ட் குரோம் கலவையில் கூடும், தனி வகைப் பாலிஎத்திலீனில் தட்டும் கொண்ட நான்காவது வடிவம்தான் 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனித இதயத்துக்குள் போனது. இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. பத்தாண்டில் கிட்டத்தட்ட 37 கோடி. அத்தனை தடவை திறந்து மூடும் என்று சோதனை இயந்திரத்தில் வேகமாக ஓட்டிக் காட்ட வேண்டும். முந்தைய வடிவங்கள் மேசையிலும் ஆட்டின் உடலிலும் உடைந்ததால்தான் மனித உடலுக்குள் அவை உடையவில்லை. உங்கள் பெட்டி சோதனைக் கூடத்தில் தோற்றால் வருத்தப்படாதீர்கள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

நோயாளிகளிடம் ஆய்வு

ஒத்த கருவி இல்லாதபோது எம்.டி-22 விண்ணப்பம், எம்.டி-23 அனுமதி. முதலில் சிறு முன்னோட்ட ஆய்வு, பிறகு பெரிய முதன்மை ஆய்வு. மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் நீங்கள் பொறுப்பு. அதற்குக் காப்பீடு எடுங்கள்.

நெறிமுறைக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். வழக்கறிஞர் இருப்பார், மருத்துவம் அறியாத பொதுமக்களில் ஒருவரும் இருப்பார். அந்தக் கடைசி ஆள்தான் நல்ல கேள்வி கேட்பார். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்திலிருந்து இயந்திரத்தில் போட்டு எடுத்த தமிழில் கொண்டு போனவர்களைக் குழு திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். "பங்கேற்பாளர் எவ்வித தண்டத்துக்கும் உட்படாமல் விலக உரிமையுண்டு" என்று எழுதுவதற்குப் பதில் "எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது" என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது நடுநிலையான சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

யாரிடம் சோதிக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த கருவி. 2020இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு, கறுப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைவை அது வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அடிக்கடி தவறவிட்டதைக் காட்டியது. தோல் நிறம் ஒளியை மாற்றும். நம் ஊர் வார்டில் நம் நிறத்துக்காரர்கள்தான் படுத்திருக்கிறார்கள்; வெளிநாட்டு அளவீட்டை அப்படியே நம்பும் சென்சாரை வாங்கிப் பொருத்தும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உரிமம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேலே உள்ளதைச் சரியாகச் செய்தவருக்கு இது பொறுமையை மட்டும் சோதிக்கும். ஒத்த கருவி இல்லாத புதியது என்றால் ஆய்வு முடிவுகளோடு எம்.டி-26 போட்டு எம்.டி-27 அனுமதி வாங்குங்கள். உற்பத்திக்கு ஏ, பி என்றால் எம்.டி-3 விண்ணப்பம், எம்.டி-5 உரிமம், சி, டி என்றால் எம்.டி-7, எம்.டி-9. எல்லாம் இணையம் வழியாகத்தான். அரசுக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல, பணம் கரைவது சோதனைக் கூடங்களில். 2023 டிசம்பரில் தொடங்கிய மெட்டெக் மித்ரா என்ற அரசுத் தளத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர், சி.டி.எஸ்.சி.ஓ இரண்டும் சேர்ந்து புதியவர்களுக்கு வழி சொல்கின்றன. தரகரிடம் போகும் முன் அங்கே கேளுங்கள்.

வாங்குவது யார்?

உரிமம் கையில் வந்த அன்று கேக் வெட்டுவார்கள். மறுநாள் முதல் ஆறு மாதம் ஒரு பெட்டியும் விற்காது.

கருவியைப் பயன்படுத்துவது நர்ஸ், கேட்பது டாக்டர், வாங்குவது கொள்முதல் பிரிவு, பணம் கொடுப்பது வேறொருவர். அரசு மருத்துவமனைகளுக்கு 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் மூலம் வாங்குகிறது. எந்த டெண்டரானாலும் முந்தைய விற்பனையும் ஆண்டு வரவும் கேட்கும் பத்தியை முதலில் படியுங்கள். புது நிறுவனம் அங்கேதான் கழிக்கப்படும். புதிய நிறுவனங்களுக்கு எந்தச் சலுகை உண்டு என்று அறிவிப்பிலேயே பாருங்கள், இல்லையென்றால் டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்கு மொத்தமாக ஒரு தொகை. உங்கள் கருவிக்கென்று தனிப் பணம் வராது. அந்தத் தொகைக்குள் மருத்துவமனைக்கு எது மிச்சமாகிறது என்று காட்டினால்தான் பேச்சு நகரும். ஸ்டென்ட், முழங்கால் மூட்டு போன்றவற்றுக்கு 2017இல் அரசே விலை உச்சவரம்பு வைத்ததையும் மறக்க வேண்டாம்.

முதல் வாடிக்கையாளரை உற்பத்திக்கு முன்பே தேடியவர்களுக்கு நல்ல உதாரணம் மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் தேவைப்பட்டது. இறக்குமதி லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலை. 1992இல் ஆரோலேப் தொடங்கி இங்கேயே செய்தார்கள். உள்ளூர் லென்ஸா என்று தயங்கிய வெளி டாக்டர்களுக்குக் காட்ட, அரவிந்தின் சொந்த அறுவை அறைகளிலேயே ஆயிரக்கணக்கான கண்கள் சான்றாக இருந்தன. உங்களுக்கு அரவிந்த் இல்லாமல் இருக்கலாம். ஐம்பது கட்டில் உள்ள, உங்கள் ஊர் பஸ்ஸில் போய்வரக்கூடிய ஒரு மருத்துவமனை போதும்.

மூன்றாவது வாரம்

முதல் வாரம் எல்லோரும் கருவியைப் பயன்படுத்துவார்கள், நீங்கள் பக்கத்தில் நிற்பதால். இரண்டாம் வாரம் ஆர்வமுள்ள டாக்டர் பயன்படுத்துவார். மூன்றாம் வாரம் அவருக்கு இடமாற்றம் வரும், அல்லது முதுநிலை மாணவர்கள் அடுத்த பிரிவுக்கு மாறுவார்கள். பெட்டி அலமாரிக்குப் போகும். இதைத் தடுக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: டாக்டரைப் பிடிப்பதோடு நிற்காமல் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரைப் பிடியுங்கள். பயிற்சியை மூன்று ஷிஃப்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். இரவு ஷிஃப்டுக்கு நீங்களே இரவில் போங்கள். நாற்பது பக்கக் கையேட்டை யாரும் திறப்பதில்லை. லேமினேட் செய்த ஓர் அட்டை, தமிழில், படத்தோடு, பெட்டியிலேயே கட்டித் தொங்கட்டும்.

பழுதுபார்ப்பு அடுத்தது. தேசிய சுகாதார இயக்கம் 2015இல் கருவிப் பராமரிப்புத் திட்டம் தொடங்கியதற்குக் காரணமே, மாநிலங்களில் எடுத்த கணக்கில் 13 முதல் 34 சதவீதக் கருவிகள் வேலை செய்யாமல் கிடந்ததுதான். ஏ.எம்.சி எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எவ்வளவு, உதிரி எத்தனை நாளில் வரும், மாற்றுப் பெட்டி தருவீர்களா என்று பயோமெடிக்கல் பிரிவு கேட்கும். பேட்டரியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் மாற்ற முடியும்படி வையுங்கள். உங்களிடமிருந்து மட்டுமே வாங்கக்கூடிய ஒரு சார்ஜரை வடிவமைத்தவர் யாரென்று தெரிந்தால், தொலைந்த சார்ஜர்களின் சார்பில் நான் அவரைப் பார்த்து நாலு வார்த்தை பேச ஆசைப்படுகிறேன்.

விற்ற பிறகும் உங்கள் கருவிதான்

எதிர்பாராத கடுமையான பாதிப்பு ஒன்று நடந்ததாக சந்தேகம் வந்தாலும், உங்களுக்குத் தெரியவந்த 15 நாளுக்குள் உரிமம் தந்த அதிகாரிக்குச் சொல்ல வேண்டும். இது உரிமத்தின் நிபந்தனை. மருத்துவமனைகள் தங்கள் பக்கமிருந்து தெரிவிக்க, 2015இல் தொடங்கிய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்திலிருந்து நடக்கிறது. அங்கே உங்கள் கருவியின் பெயர் வரும் முன் உங்கள் காதுக்கே புகார் வர வேண்டுமென்றால், பெட்டியின் பின்புறம் பெரிய எழுத்தில் ஒரு போன் எண் இருக்க வேண்டும், அதை மனிதர் எடுக்க வேண்டும்.

எந்த வரிசை எண் பெட்டி எந்த மருத்துவமனையில் எந்த வார்டில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருங்கள். ஒரு தொகுதி சென்சாரில் குறை தெரிந்தால் மொத்தத்தையும் திரும்ப வாங்க வேண்டிவரும். அன்று மெடிக்கல் வார்டில் இருந்த பெட்டி பிரசவ வார்டுக்கு இரவல் போயிருக்கும். எங்கே போயிற்று என்று இன்சார்ஜ் சிஸ்டருக்குத்தான் தெரியும், அவருடைய எண்ணையும் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.